வாங்கிய லேப்டாப்பில் வாங்காத ஆப்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது லேப்டாப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து முதல் தடவை ஆன் செய்தால், நாம் ஒன்றும் ஏற்றாமலே ஸ்டார்ட் மெனு நிறைய ஆப்கள் உட்கார்ந்திருக்கும். சொந்தபந்தத்திலும் தெருவிலும் "லேப்டாப் தெரிஞ்ச ஆளு" என்று பெயர் வாங்கிவிட்டதால், அவற்றை எப்படித் துரத்துவது என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்டதையும் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் விண்டோஸ் 11-ஐ வைத்துத்தான் சொல்கிறேன். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்தது, ஆனாலும் பல வீடுகளில் அதுதான் ஓடுகிறது. வழி மாறுகிற இடத்தில் அதையும் குறிப்பிடுகிறேன். மெனுப் பெயர்கள் ஆங்கில விண்டோஸில் இருக்கிறபடியே.

எதை நீக்கலாம், எதைத் தொடக்கூடாது?

பெயரைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவீர்கள். யார் கொண்டுவந்து வைத்தது என்று பாருங்கள். விண்டோஸே கொண்டுவந்தது, லேப்டாப் கம்பெனி ஏற்றியது, நீங்களாக ஏற்றியது, உங்களுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு வந்தது என்று நாலு வகை. முதல் வகையில் பாதி நீக்க முடியாது, மீதியை நீக்கினாலும் பாதகமில்லை. இரண்டாவதில் கவனம் வேண்டும், ஏனென்றால் குப்பையும் டிரைவரும் (டச்பேட், வைஃபை போன்ற பாகங்களை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) ஒரே கம்பெனிப் பெயரில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். மூன்றாவது உங்கள் இஷ்டம். நாலாவதைப் பார்த்ததும் தூக்கிவிட வேண்டும்.

யார் வைத்தது என்று எப்படித் தெரியும்? செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் இன்ஸ்டால்டு ஆப்ஸ் போனால் ஒவ்வொன்றின் கீழும் வெளியிட்ட கம்பெனியின் பெயரும் தேதியும் இருக்கும். பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். லேப்டாப் வாங்கிய நாளுக்கு முந்தைய தேதி என்றால் கம்பெனியோ விண்டோஸோ வைத்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். போன வாரத் தேதி போட்டிருந்து, நீங்கள் எதுவும் ஏற்றவில்லை என்றால் அங்கே சந்தேகப்படுங்கள். ஒரு எச்சரிக்கை: அப்டேட் ஆனாலும் சில ஆப்களுக்குத் தேதி மாறிவிடும். தேதி ஒரு துப்புதான், தீர்ப்பு அல்ல.

நீக்கும் வழி என்ன?

விண்டோஸ் பட்டனோடு ஐ எழுத்தை அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ், வேண்டாத ஆப்பின் வலது ஓரத்தில் உள்ள மூன்று புள்ளி, அன்இன்ஸ்டால். விண்டோஸ் 10-இல் அதே இடத்துக்கு ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ் என்று பெயர். பழைய பாணி மென்பொருள்களுக்குக் கன்ட்ரோல் பேனலில் புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ் என்ற இடமும் இருக்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்டின் ஆப் கடையான ஸ்டோர் வழியாக வந்தவை அங்கே தெரியாது. "பட்டியலில் காணோமே" என்பவர்களில் பாதிப் பேர் தப்பான பட்டியலில் தேடுகிறவர்கள்.

டெஸ்க்டாப்பில் இருந்த படத்தை டெலீட் செய்துவிட்டேனே, போதாதா?

போதாது. அது வீட்டு வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை மாதிரி. பலகையைக் கழற்றினால் குடியிருப்பவர் காலி செய்துவிட மாட்டார். சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போய் அந்த ஃபோல்டரையே அழிப்பவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். நீக்குவதற்கான நிரலும் அந்த ஃபோல்டருக்குள்தான் பெரும்பாலும் இருக்கும். அதையும் சேர்த்து அழித்துவிட்டால் பட்டியலில் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும், அன்இன்ஸ்டால் அழுத்தினால் ஃபைலைக் காணோம் என்று சொல்லும். அப்படி ஆகிவிட்டால் அதே மென்பொருளை மறுபடி ஏற்றி, பிறகு முறையாக நீக்குவதுதான் எளிய வழி.

இன்னொன்று. விண்டோஸ் 11 ஸ்டார்ட் மெனுவில் ஸ்பாட்டிஃபை மாதிரி சில படங்கள் தெரிகிறதே, அவற்றில் சில இன்னும் ஏறவே இல்லை. வெறும் படம்தான். தொட்டால்தான் இறங்கும். அவற்றின் மேல் ரைட் கிளிக் செய்து எடுத்துவிட்டால் முடிந்தது.

கம்பெனிக்காரர்கள் ஏன் இதையெல்லாம் ஏற்றி அனுப்புகிறார்கள்?

காசுக்குத்தான். லேப்டாப்பில் லாப விகிதம் குறைவு. ஆன்டிவைரஸ் கம்பெனியும் கேம் கம்பெனியும் தங்கள் ஆப்பை முன்கூட்டியே ஏற்றி வைக்கப் பணம் தருகின்றன. 2008-இல் சோனி ஒரு வேடிக்கை செய்தது. தான் ஏற்றிய குப்பையைத் தானே எடுத்துத் தர "ஃப்ரெஷ் ஸ்டார்ட்" என்று ஒரு வசதியைச் சில வயோ மாடல்களுக்கு அறிவித்து, அதற்கு ஏறத்தாழ 50 டாலர் விலை வைத்தது. ஊரே சிரித்த பிறகு இலவசமாக்கியது.

வேடிக்கையில் முடியாத கதையும் உண்டு. 2014 கடைசியில் விற்ற சில லெனோவோ லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் இருந்தது. இணையப் பக்கங்களுக்குள் விளம்பரம் நுழைப்பதற்காக அது தன் சொந்தச் சான்றிதழை (ஒரு தளம் அசல்தான் என்று உறுதி சொல்லும் டிஜிட்டல் அடையாளம்) விண்டோஸுக்குள் பதித்துக்கொண்டு, வங்கித் தளம் உட்படப் பூட்டுப் போட்ட இணைப்புகளுக்கு நடுவிலும் புகுந்துகொண்டது. அந்தச் சான்றிதழுக்கு எல்லா லேப்டாப்பிலும் ஒரே சாவி. அந்தச் சாவியும் அதற்கான பாஸ்வேர்டும் 2015 பிப்ரவரியில் வெளியே வந்துவிட்டன. அதாவது, அந்த லேப்டாப் வைத்திருப்பவர் ஒரு காபிக் கடை வைஃபையில் உட்கார்ந்தால், அதே வைஃபையில் இருக்கும் திருடன் போலி வங்கித் தளத்தை அசல் போலக் காட்ட முடியும். ஆப்பை நீக்கினால் சான்றிதழ் போகவில்லை, அதைத் தனியாக எடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் லெனோவோவே நீக்கும் கருவியை வெளியிட்டது.

இலவச ஆன்டிவைரஸ் வந்திருக்கிறது. நீக்கினால் வைரஸ் வந்துவிடாதா?

என்னிடம் வரும் கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான். மெக்காஃபியோ நார்ட்டனோ, வந்திருப்பது குறிப்பிட்ட நாளுக்கான டிரையல்தான். அந்த நாள் முடிந்ததும் "உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது" என்று மூலையிலிருந்து மிரட்ட ஆரம்பிக்கும். மிரட்டலுக்குப் பயந்து கார்டு எண்ணைப் போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர்.

விண்டோஸிலேயே டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் இருக்கிறது. வேறொரு ஆன்டிவைரஸ் இருக்கும்வரை அது ஒதுங்கி நிற்கும். அதை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் தானாக எழுந்துகொள்ளும். நம்பிக்கை இல்லையென்றால் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷனில் பச்சைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு உபயோகத்துக்கு இது போதும் என்பது என் கருத்து.

டிரையல் முடிந்துபோன ஆன்டிவைரஸை அப்படியே விட்டுவைப்பதுதான் தவறு. அது புது வைரஸ்களையும் அறியாது, இடத்தைக் காலி செய்து டிஃபெண்டருக்கும் கொடுக்காமல் இருக்கலாம். ஆன்டிவைரஸ்கள் ஆழமாக வேர்விடுபவை, சாதாரண அன்இன்ஸ்டாலில் சில துண்டுகள் மிஞ்சும். அதனால் மெக்காஃபி, நார்ட்டன் இரண்டுமே நீக்குவதற்கென்று தனிக் கருவி வைத்திருக்கின்றன. அந்தந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

பணம் கட்டிச் சந்தா எடுத்திருந்தால், ஆப்பை நீக்கியதால் சந்தா நிற்காது. தானாகப் புதுப்பிப்பதை அவர்கள் தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய் நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் அடுத்த வருடம் வங்கிக் குறுஞ்செய்தி வந்தபிறகுதான் ஞாபகம் வரும்.

லேப்டாப் கம்பெனியின் சொந்த ஆப்களையும் நீக்கலாமா?

எல்லாவற்றையும் வேண்டாம். லெனோவோவில் வான்டேஜ், அசூஸில் மைஅசூஸ், டெல்லில் சப்போர்ட் அசிஸ்ட் என்று ஆளுக்கொன்று இருக்கும். டிரைவரையும், ஆன் செய்ததும் லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸையும் அப்டேட் செய்ய இவை உதவும். எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப்பில் பேட்டரி 100 சதவீதம் ஏறாமல் முன்னதாகவே நிறுத்தும் வசதி வான்டேஜிலும் மைஅசூஸிலும் இருக்கிறது. அந்த ஒன்றுக்காகவே வைத்துக்கொள்ளலாம். கம்பெனி வைத்த கேம், கடை, வாரன்டி நீட்டிக்கச் சொல்லும் ஆப், இவற்றை அனுப்பிவிடுங்கள்.

கைவைக்கவே கூடாதவை எவை?

விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்று 2010, 2013 என வெவ்வேறு வருடம் போட்டு வரிசையாக நிற்கும். ஒரே பெயர் எட்டுத் தடவை இருக்கிறதே என்று பழையதை நீக்கத் தோன்றும். ஒவ்வொன்றும் வெவ்வேறு மென்பொருளுக்கு அடித்தளம். நீக்கினால் என்றைக்கோ ஒருநாள் ஏதோ ஒரு மென்பொருள் திறக்காது, காரணமும் பிடிபடாது. டாட் நெட், வெப்வியூ2 ரன்டைம் இரண்டும் அதே ரகம்.

ரியல்டெக் என்றால் சத்தம். இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்றால் திரையும் சிப்செட்டும். சினாப்டிக்ஸ், ஈலான் என்றால் டச்பேட். ஹாட்கீ என்று பெயரில் வந்தால் கீபோர்டில் வெளிச்சத்தையும் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் பட்டன்கள். நான் கற்றுக்கொண்ட காலத்தில் ஒரு லேப்டாப்பில் "இது என்ன புரியாத பெயர்" என்று ஒன்றை நீக்கினேன். டச்பேட் நின்றுவிட்டது. வீட்டில் மவுஸும் இல்லை. டேப் கீயையும் அம்புக்குறியையும் வைத்து மறுபடி டிரைவரை ஏற்றுவதற்குள் இரவு இரண்டு மணி. அன்றிலிருந்து புரியாத பெயர் என்றால் முதலில் தேடிப் படிப்பேன்.

அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை. ஏன்?

விண்டோஸ் தன் உடம்பின் பகுதி என்று கருதுபவற்றுக்கு அப்படித்தான். நெடுநாள் வழக்கு எட்ஜ் பிரவுசர் மேல்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு 2024 மார்ச் முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் உள்ளவர்கள் எட்ஜையும் நீக்கலாம் என்று மைக்ரோசாஃப்ட் வழிவிட்டது. அதற்கு வெளியே இருக்கும் நமக்கு அந்தப் பட்டன் இல்லை. குறுக்கு வழிகள் இணையத்தில் கிடைக்கும். அப்டேட்டில் திரும்பி வந்துவிடும் ஒன்றோடு மல்லுக்கட்டுவதை நான் விட்டுவிட்டேன். குரோமையோ ஃபயர்ஃபாக்ஸையோ டிஃபால்ட் ஆக்கிவிட்டு அதைக் கண்டுகொள்ளாமல் இருப்பதே மேல்.

அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த லேப்டாப் என்றால் காரணம் வேறு. பூட்டு அவர்களுடையது. ஐடி ஆட்களைக் கேளுங்கள், நீங்களாக உடைக்காதீர்கள்.

அழுத்துகிறேன், பாதியில் பிழை காட்டி நின்றுவிடுகிறது.

அந்த ஆப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் அதை நிறுத்திவிட்டு மறுபடி முயலுங்கள். ஆகாவிட்டால் ரீஸ்டார்ட் செய்த கையோடு, வேறெதையும் திறக்காமல் நீக்குங்கள். அதுவும் ஆகாவிட்டால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இன்ஸ்டால், அன்இன்ஸ்டால் சிக்கல்களுக்கென்றே ஒரு டிரபிள்ஷூட்டர் உண்டு. விண்டோஸ் அத்தியாவசியமானவற்றோடு மட்டும் ஓடும் சேஃப் மோடில் போய் நீக்குங்கள் என்று பலர் சொல்வார்கள். விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் அங்கே வழக்கமாக ஓடாது என்பதால் பல மென்பொருள்களுக்கு அந்த யோசனை பலிக்காது.

நீக்கும் மென்பொருள், ரெஜிஸ்ட்ரி கிளீனர் எல்லாம் வாங்கலாமா?

ரெவோ அன்இன்ஸ்டாலர், பல்க் கிராப் அன்இன்ஸ்டாலர் போன்றவற்றின் இலவசப் பதிப்புகள் பிடிவாதமான ஒன்றிரண்டு ஆப்களுக்கு உதவும். வேலை முடிந்ததும் அவற்றையும் நீக்கிவிடலாம். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் ஆப்களும் தங்கள் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேடு. அதைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ரெஜிஸ்ட்ரி கிளீனர் மட்டும் வேண்டவே வேண்டாம். ரெஜிஸ்ட்ரியில் மிஞ்சிய நாலு வரிகளால் லேப்டாப் மந்தமாவதில்லை, தப்பான ஒரு வரி போனால் விண்டோஸே எழாமல் போகலாம்.

சுத்தம் செய்பவனே அழுக்கைக் கொண்டுவந்த சம்பவமும் நடந்திருக்கிறது. 2017-இல் சிகிளீனர் என்ற சுத்தம் செய்யும் மென்பொருளின் 5.33 பதிப்பில், அதன் தயாரிப்பாளர்களுக்கே தெரியாமல் யாரோ தீநிரலைச் செருகிவிட்டார்கள். கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தே இறங்கி 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் போனது.

நீக்கிய பிறகும் மிச்சம் இருக்குமா?

இருக்கும். புரோகிராம் ஃபைல்ஸ், புரோகிராம்டேட்டா, உங்கள் பெயர் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டா, மூன்றிலும் எட்டிப் பாருங்கள். ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ, ஷோ, ஹிடன் ஐட்டம்ஸ் போட்டால் மறைந்தவை தெரியும். நீக்கிய மென்பொருளின் பெயரிலேயே ஃபோல்டர் இருந்தால் மட்டும் அழியுங்கள். கேம்கள்தான் இங்கே ஜிபி கணக்கில் விட்டுப்போகும்.

டேலி மாதிரி வேலைக்கான மென்பொருளை நீக்கும்போது?

முதலில் கணக்குகளை பேக்கப் எடுத்துப் பென்டிரைவில் போடுங்கள், வேறொரு கணினியில் அது திறக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து லைசென்ஸை சரண்டர் செய்யுங்கள், அதாவது இந்தக் கணினியிலிருந்து விடுவியுங்கள். டேலிக்குள்ளேயே அதற்கு வசதி இருக்கிறது. சரண்டர் செய்யாமல் நீக்கிவிட்டுப் புதுக் கணினியில் ஏற்றப்போனால், லைசென்ஸ் பழையதில் மாட்டிக்கொண்டிருக்கும். மார்ச் கடைசியில் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

ஒன்டிரைவை நீக்கினால் என் ஃபைல்கள் போய்விடுமா?

மேகத்தில், அதாவது ஒன்டிரைவ் என்ற மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பில், இருப்பவை போகாது. ஆனால் நீங்கள் டெஸ்க்டாப் என்று நினைத்துக்கொண்டிருப்பது நிஜத்தில் ஒன்டிரைவுக்குள் இருக்கும் டெஸ்க்டாப் ஆக இருக்கலாம். பேக்கப் வசதி ஆன் ஆகியிருந்தால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் அங்கே குடிபெயர்ந்திருக்கும். அதில் சில ஃபைல்களுக்கு மேகச் சின்னம் இருந்தால், உள்ளடக்கம் இணையத்தில்தான் இருக்கிறது, லேப்டாப்பில் பெயர் மட்டும்தான். இந்த நிலையில் சட்டென்று நீக்கினால் திருமண ஆல்பம் காணாமல் போனது மாதிரி ஒரு கலவரம் நடக்கும்.

வரிசையாகச் செய்யுங்கள். ஒன்டிரைவ் ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, எல்லாம் இறங்கி முடியும்வரை பொறுங்கள். பிறகு பேக்கப்பை நிறுத்துங்கள். முக்கியமானவற்றை ஒன்டிரைவுக்கு வெளியே நகல் எடுங்கள். அதன் பிறகு கணக்கை அன்லிங்க் செய்துவிட்டு ஆப்பை நீக்குங்கள்.

திரை மூலையில் "5 வைரஸ்கள் உள்ளன" என்று வந்துகொண்டே இருக்கிறது. எந்த ஆப்பை நீக்குவது?

பெரும்பாலும் எந்த ஆப்பும் இல்லை. ஏதோ ஒரு தளத்தில் அலவ் என்று அழுத்தியிருப்பீர்கள், அந்தத் தளம் பிரவுசர் வழியாக அனுப்பும் நோட்டிஃபிகேஷன் அது. குரோம் என்றால் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய்த் தெரியாத தளங்களை எடுத்துவிடுங்கள். அப்படியே எக்ஸ்டென்ஷன் பட்டியலையும் பாருங்கள். தேடுபொறி தானாக மாறியிருந்தால் திருடன் அங்கே இருப்பான்.

இலவச மென்பொருள் ஏற்றும்போது நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போனால் கூடவே இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு வரும். கஸ்டம் என்ற வழியைத் தேர்ந்தெடுத்தால் டிக் எடுக்கும் கட்டங்கள் தெரியும்.

வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னவர் எனிடெஸ்க் ஏற்றச் சொன்னார். நீக்கிவிட்டேன். போதுமா?

இல்லை. எனிடெஸ்க், டீம்வியூவர் இரண்டும் தொலைவிலிருந்து இன்னொருவர் உங்கள் கணினியை இயக்க விடும் நல்ல கருவிகள்தான், சாவியை யாரிடம் கொடுத்தீர்கள் என்பதுதான் பிரச்சினை. முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள், இந்தியாவில் இணையக் குற்றங்களுக்கான உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மடக்க வாய்ப்பு. அந்த ஆள் உள்ளே இருந்தபோது வேறென்ன ஏற்றினான் என்று தெரியாது என்பதால், இந்த ஒரு சூழ்நிலையில் விண்டோஸையே புதிதாகப் போடச் சொல்வேன்.

எல்லாவற்றையும் நீக்கினால் லேப்டாப் பறக்குமா?

வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆன் செய்ததும் எழுந்து ஓடும் ஆப்கள்தான் வேகத்தைத் தின்பவை. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பகுதியில் அவற்றை டிசேபிள் செய்தாலே பாதிப் பலன் கிடைத்துவிடும். சும்மா படுத்திருக்கும் ஆப் இடத்தைத்தான் அடைக்கும். பழைய ஹார்டு டிஸ்க்கில் ஓடும் லேப்டாப் என்றால் நாற்பது ஆப் நீக்குவதைவிட அதைவிட வேகமான சேமிப்பகமான ஒரு எஸ்எஸ்டி மாற்றுவது கண்கூடான வித்தியாசம் தரும்.

நீக்கியது திரும்ப வருகிறதே!

ஸ்டோர் ஆப்களை நீங்கள் நீக்குவது உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும்தான். மூலப் பிரதி விண்டோஸுக்குள் பத்திரமாக இருக்கும். மகளுக்கென்று புதுக் கணக்கு உருவாக்கினால் அதில் எல்லாம் மறுபடி முளைக்கும். விண்டோஸின் பெரிய அப்டேட்களும் சிலவற்றைத் திரும்பக் கொண்டுவரும். இரண்டு நிமிட வேலை, மறுபடி நீக்குங்கள்.

ஒவ்வொன்றாக நீக்கப் பொறுமை இல்லை. மொத்தமாகத் துடைக்கலாமா?

செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரியில் ரீசெட் திஸ் பிசி இருக்கிறது. கீப் மை ஃபைல்ஸ் கொடுத்தால் ஃபைல்கள் தங்கும், நீங்கள் ஏற்றிய ஆப்கள் போகும். கம்பெனி வைத்த குப்பை இதில் திரும்பவும் வரலாம். அதுவும் வேண்டாம் என்றால் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை வைத்து 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை இறக்கிப் புதிதாகப் போடலாம். ஒரிஜினல் விண்டோஸோடு வந்த லேப்டாப் என்றால் கீ கேட்காமல் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

அதற்கு முன் மூன்று காரியம். ஃபைல்களை வெளியே நகல் எடுங்கள். லேப்டாப்போடு ஆபீஸ் வந்திருந்தால் அதை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து ஆக்டிவேட் செய்துவிடுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புது விண்டோஸ் 11 லேப்டாப்களில் அந்தப் பூட்டு நீங்கள் கேட்காமலே ஆன் ஆகியிருக்கும். வைஃபை டிரைவரையும் ஒரு பென்டிரைவில் வைத்திருந்தால் உத்தமம், புது விண்டோஸுக்கு உங்கள் வைஃபை தெரியாமல் போனால் அதைத் தேட இணையமும் இருக்காது.

மேக்புக்கில்?

ஃபைண்டரில் அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரிலிருந்து டிராஷுக்கு இழுத்துவிட்டால் பெரும்பாலானவை போய்விடும். தனி அன்இன்ஸ்டாலரோடு வந்தவற்றுக்கு அதையே ஓட்டுங்கள். செஸ், ஸ்டாக்ஸ் மாதிரி ஆப்பிளே வைத்தவற்றை எடுக்க முடியாது, சிஸ்டம் பகுதிக்கு முத்திரை போட்டிருக்கிறார்கள்.

தமிழ்நாடு அரசு அப்போது கொடுத்த இலவச லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் இருக்கிறது. அதை நீக்கலாமா?

2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப்களில் விண்டோஸும், விண்டோஸ் போலவே இன்னொரு இயங்குதளமான பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருக்கும். இடம் வேண்டும் என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் லினக்ஸ் பார்ட்டிஷனை (டிஸ்க்கில் லினக்ஸுக்கென்று பிரித்த பகுதி) அழித்துவிட்டு, ரீஸ்டார்ட் செய்ததும் கறுப்புத் திரையில் கிரப் ரெஸ்க்யூ என்று வந்து நின்றவர்கள் பலர். ஆன் ஆனதும் "எந்தப் பக்கம் போகட்டும்" என்று கேட்கும் கிரப், தனக்கு வேண்டிய ஃபைல்களை அந்த லினக்ஸ் பார்ட்டிஷனில்தான் வைத்திருக்கிறது. அதை அழித்தால் விண்டோஸுக்குப் போகும் பாதையும் அறுந்துவிடும். முதலில் விண்டோஸ் ரெக்கவரி டிஸ்க்கோ பென்டிரைவோ வைத்து விண்டோஸின் பூட் பகுதியைச் சரிசெய்து, லேப்டாப் நேராக விண்டோஸுக்குள் போகிறது என்று பார்த்துக்கொண்டு, அப்புறம் லினக்ஸை அழியுங்கள். என்னைக் கேட்டால் அந்த வயதுள்ள மெஷினில் நான் அழிப்பது விண்டோஸைத்தான். எடை குறைந்த புது லினக்ஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்தால், இன்னும் இரண்டு மூன்று வருடம் பிள்ளைகள் தட்டச்சுப் பழகுவதற்கு ஓடும்.